உஷார்! பி.எஸ்சி. சைக்காலஜி முடித்தவுடன் போர்டு மாட்ட முடியாது

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு விளம்பரங்கள் முளைத்துவிடுகின்றன: ‘சைக்காலஜி படியுங்கள், மனநல நிபுணராகுங்கள்!’ பணம் கட்டக் கிளம்பியிருக்கும் பெற்றோரே, கொஞ்சம் நில்லுங்கள். மூன்று வருட பி.எஸ்சி. பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் பிள்ளை ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்று போர்டு மாட்டினால் அது சட்டப்படி குற்றம்.

ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் அந்தத் தொழிலைச் செய்யலாம். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தைக் கேட்டால் சிரிப்பு வரலாம். சிறை என்றால் வராது. பதிவுக்கான வழக்கமான பாதை நீளமானது: இளங்கலை, முதுகலை, அதன்பின் மேற்பார்வையில் நோயாளிகளோடு பழகிப் பயிலும் இரண்டு வருட முழுநேர எம்.பில். மாத்திரை எழுதித் தருவது வேறு கதை, அதற்கு எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்திருக்க வேண்டும்.

இப்போது எம்.பில்.லுக்கு மூடுவிழா நடக்கிறது, ஆர்.சி.ஐ. புதிய படிப்புகளைக் கொண்டுவருகிறது. நான்கு வருட ‘பி.எஸ்சி. ஹானர்ஸ் கிளினிக்கல் சைக்காலஜி’ அவற்றில் ஒன்று. ஏமாறுவதற்கு வசதியான இடம் இதுதான். சாதாரண பி.எஸ்சி. சைக்காலஜியும் இதுவும் காதில் ஒரே மாதிரி விழும். பல்கலைக்கழக அங்கீகாரம் வேறு, ஆர்.சி.ஐ. ஒப்புதல் வேறு. ‘எங்களுக்கு எல்லா அப்ரூவலும் இருக்கு சார்’ என்று அட்மிஷன் கவுன்டரில் சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் கல்லூரி, அந்தப் படிப்பு, அந்தக் கல்வியாண்டு மூன்றும் ஆர்.சி.ஐ. பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

தபாலில் முடித்துவிடலாம் என்ற நினைப்பும் வேண்டாம். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து சைக்காலஜியைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. இனியும் யாராவது சேர்க்கை நடத்தினால் ரசீது வாங்காதீர்கள், திரும்பி வாருங்கள். வார இறுதி ‘கவுன்சிலிங் டிப்ளமோ’ சான்றிதழ் அழகாகத்தான் இருக்கும். அது ஆர்.சி.ஐ. பதிவுக்கு உதவாது.

மாணவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. ஆளைப் பார்த்ததும் மனசைப் படிக்கும் வித்தை எந்த செமஸ்டரிலும் கிடையாது. கணக்குக்குப் பயந்து இங்கே வருகிறவர்களைப் புள்ளியியல் வழிமறிக்கும். சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவுக் கெழு என்று விடாது துரத்தும். மூளையும் நரம்பும் ஒரு தாள். குழந்தை முதல் முதுமை வரையிலான வளர்ச்சி உளவியல், கூட்டத்தில் மனிதன் ஏன் மாறுகிறான் என்று கேட்கும் சமூக உளவியல், நினைவையும் கவனத்தையும் ஆராயும் அறிதல் உளவியல், அலுவலகங்களுக்கான நிறுவன உளவியல் எல்லாம் உண்டு. நீங்கள் ஆசைப்பட்டு வந்த மனநோய் பற்றிய பாடம் இத்தனைக்கும் நடுவே ஒன்றோ இரண்டோ தாள்தான். என்னைக் கேட்டால் இந்தப் படிப்பின் ருசியே மற்றவற்றில்தான் இருக்கிறது. ஹெச்.ஆர்., ஆய்வு, சமூகப் பணி என்று போகிறவர்களுக்கு நல்ல அடித்தளம்.

அந்த ஒரு தாளைப் படித்துவிட்டு அத்தைக்கு டிப்ரஷன், தம்பிக்கு ஏ.டி.ஹெச்.டி. என்று வீட்டில் முத்திரை குத்தாதீர்கள். தற்கொலை எண்ணத்தோடு நண்பன் பேசினால் பாடப்புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். அவனைத் தனியே விடாமல் கூட இருங்கள். 14416 டெலிமானஸ் எண்ணுக்குப் போன் போடுங்கள். கட்டணமில்லை, தமிழிலும் பேசுவார்கள்.