கனவுக்குள் ஒரு விழிப்பு

நம் திரைப்படங்களில் நாயகனுக்கு எதிர்பாராத நல்லது ஏதேனும் நடந்துவிட்டால் உடனே தன் கையைக் கிள்ளிப் பார்த்துக்கொள்வான். வலித்தால் நனவு, வலிக்காவிட்டால் கனவு. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, ஒரு விடியற்காலையில், இறந்து ஆறு ஆண்டுகளான என் தாத்தா எதிரே அமர்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சந்தேகம் வந்து என்னைக் கிள்ளிக்கொண்டேன். நன்றாகவே வலித்தது! ஆகவே இது நனவுதான் என்று முடிவு செய்து, தாத்தாவுக்கு இன்னொரு தோசை எடுத்து வைத்தேன். வலியையும் கனவு காண முடியும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்தப் பருவத்தில் நான் தெளிகனவு பழகிக்கொண்டிருந்தேன். ‘நாம் இப்போது கனவு காண்கிறோம்’ என்று கனவுக்குள்ளேயே அறிந்துகொள்வதுதான் தெளிகனவு. நெதர்லாந்தைச் சேர்ந்த மருத்துவரும் எழுத்தாளருமான ஃபிரெடரிக் வான் ஏடன் 1913இல் எழுதிய கட்டுரை இதற்கு ஆங்கிலப் பெயரைப் பரவலாக்கியது. ஆயினும், இது வெறும் கற்பனை என்றே அறிவியலாளர் பலர் நெடுங்காலம் ஒதுக்கி வைத்தனர். தூங்குகிறவன் ‘நான் அறிந்தேன்’ என்று மறுநாள் சொன்னால் யார் நம்புவார்?

இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் 1975இல் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு வழி கண்டார். நாம் அதிகமாகக் கனவு காணும் உறக்கக் கட்டத்தில் உடலின் தசைகள் பெரும்பாலும் செயலிழந்து கிடக்கும். விழிகள் மட்டும் இமைக்குள் விரைந்து அசையும். எனவே, கனவு என்று தெரிந்தவுடன் கண்களை இடமும் வலமுமாகக் குறிப்பிட்ட முறை அசைக்கும்படி ஆலன் வொர்ஸ்லி என்பவருடன் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார். வொர்ஸ்லி தூங்கியபடியே அந்தச் சைகையை அனுப்பினார். கருவி அதைப் பதிவு செய்தது. சில ஆண்டுகளில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லபெர்ஜ் தனியாக இதையே நிறுவினார். 2021இல் வெளியான ஓர் ஆய்வில், ‘எட்டில் ஆறு போனால் எத்தனை?’ என்று கேட்கப்பட்ட ஒருவர் கனவுக்குள்ளிருந்தே இருமுறை விழியசைத்து விடை சொல்லியிருக்கிறார். என் கணக்கு விரிவுரைகளில் விழித்திருந்தபோதே என்னால் அது முடிந்ததில்லை என்பது வேறு கதை.

பழகும் முறை எளிதுதான். எழுந்தவுடன் கனவைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். பகலில் அவ்வப்போது ‘இது கனவா?’ என்று உண்மையாகவே கேட்டுச் சோதிக்க வேண்டும். அந்தப் பழக்கம் கனவிலும் தலைகாட்டும். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் தூங்கிய பின் எழுந்து, ‘அடுத்த கனவில் இது கனவென்று நினைவுகொள்வேன்’ என்று மனத்தில் பதித்துக்கொண்டு மீண்டும் படுக்க வேண்டும். பகல் சோதனை மட்டும் போதாது, இந்த மனப்பதிவும் சேர வேண்டும் என்று அடிலெய்ட் பல்கலைக்கழகத்தின் டென்ஹோம் ஆஸ்பி 2017இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

ஆனால், இந்த வழியில் போகிறவர்களை எதிர்கொள்ளும் ஒரு வேடிக்கையைப் பற்றி எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதுதான் பொய் விழிப்பு. எழுந்துவிட்டதாகவே கனவு காண்பது.

1920இல் மறைந்த பிரெஞ்சு விலங்கியலாளர் ஈவ் டெலாஜ் தம் அனுபவம் ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். ரோஸ்காஃப் கடல் ஆய்வுக்கூடத்தில் தங்கியிருந்த ஓர் இரவு, கதவு தட்டப்பட்டது. நோயுற்ற ஒருவரைப் பார்க்க உடனே வரும்படி பணியாளர் அழைத்தார். டெலாஜ் அவசரமாக உடையணிந்து, ஈரப் பஞ்சால் முகத்தைத் துடைத்தார். அந்தக் குளிர்ச்சியில் விழித்து, ‘அடடா, கனவு’ என்று மீண்டும் படுத்தார். சற்று நேரத்தில் மறுபடியும் கதவு தட்டப்பட்டது: ‘ஐயா, இன்னும் வரவில்லையா?’ மறுபடியும் உடை, பஞ்சு, விழிப்பு. இப்படி நான்கு முறை! காலையில் உண்மையாகவே எழுந்து பார்த்தால் குடத்தில் நீர் குறையவில்லை. பஞ்சு காய்ந்து கிடந்தது. தட்டல் மட்டுமன்று, இடையில் வந்த ‘விழிப்புகளும்’ கனவே.

எனக்கு நேர்ந்தது குறிப்பேட்டில். விடியற்காலையில் எழுந்து, விளக்கைப் போட்டு, இரண்டு பக்கம் முழுக்கக் கனவை எழுதி முடித்த மகிழ்ச்சியோடு படுப்பேன். காலையில் பார்த்தால் அந்தப் பக்கங்கள் வெள்ளையாக இருக்கும். ஒரே வாரத்தில் மூன்று முறை. என் அறைத்தோழி, “நீ எழுதுற எழுத்துக்கு அது வெள்ளையா இருக்குறதே மேல்” என்றாள்.

இரவின் பிற்பகுதியில் கனவுக்கட்டம் நீளும். நாமோ கடிகாரம் வைத்து, ‘எழ வேண்டும், எழ வேண்டும்’ என்ற எண்ணத்தோடு தூங்குகிறோம். மனம் எதிர்பார்ப்பதையே கனவு காட்டுகிறது. மேலும், எழுந்துவிட்டோம் என்று தோன்றியவுடன் ஐயப்படுவதை நிறுத்திவிடுகிறோம். நாள் முழுவதும் ‘இது கனவா?’ என்று கேட்கிறவர்கள்கூடக் கண் விழித்த அந்த நொடியில் கேட்பதில்லை.

திருக்குறளின் ‘கனவுநிலை உரைத்தல்’ அதிகாரத்தில் தலைவி, நனவில் வராதவர் கனவில் வருகிறாரே என்று ஆறுதல் கொள்கிறாள். அவளுக்கு எது கனவு, எது நனவு என்பதில் குழப்பமே இல்லை. எனக்குத்தான் கோடு அழிந்தது.

ஆகவே, விழித்தவுடன் சோதிக்கத் தொடங்கினேன். மின்கடிகாரத்தை ஒருமுறை பார்த்து, கண்ணை விலக்கி, மறுமுறை பார்ப்பேன். கனவில் எழுத்தும் எண்ணும் பெரும்பாலும் நிலைத்து நிற்பதில்லை. வெளியிலிருந்து காட்சி வராததால் மூளை ஒவ்வொரு முறையும் புதிதாக வரைய வேண்டியிருக்கிறது. சோதனை நன்றாகவே வேலை செய்தது. இரண்டு தெளிகனவுகள் கிடைத்தன.

பதினோராவது வாரம். தலைமாட்டில் இருந்த கைப்பேசி ஒலித்தது. முந்தைய நாள்களில் பொய் விழிப்புகளிலும் அது ஒலித்திருக்கிறது. அம்மாவின் குரல்: “பாட்டிய ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். கெளம்பி வாம்மா.” “சரிம்மா” என்றேன். கடிகாரத்தைப் பார்த்தேன்: 5.12. கண்ணை விலக்கி மீண்டும் பார்த்தேன்: 5.13. எண் மாறிவிட்டது! கனவுதான். நிம்மதியாகத் திரும்பிப் படுத்தேன்.

எழுந்தபோது மணி ஒன்பது இருபது. ஏழு தவறிய அழைப்புகள். கே.எல். சென்ட்ரலில் இரயிலேறி ஈப்போ போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் இரண்டாகிவிட்டது. பாட்டி பிழைத்துக்கொண்டார். ஆனால், காலையில் அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோகும்வரை “வந்துட்டாளா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். நான் சோம்பலில் தூங்கிவிட்டேன் என்றுதான் அம்மா இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால் நம்புவாரா என்பதும் ஐயமே.

கனவை நனவென்று கொண்டால் என்ன இழப்பு? வெற்றுப் பக்கம், காய்ந்த பஞ்சு, அவ்வளவுதான். நனவைக் கனவென்று கொள்வது அப்படியன்று. இந்த இரண்டு பிழைகளும் ஒரே எடை கொண்டவை என்று எண்ணியதுதான் என் தவறு. எனவே, சோதனையைத் தேர்ந்தெடுக்கும்போது, நனவில் ஒருபோதும் ‘கனவு’ என்று விடை தராத ஒன்றையே எடுக்க வேண்டும். கடிகார எண் நனவிலும் மாறும். விளக்கு எரியாமல் போவது மின்தடையாகவும் இருக்கலாம். மூக்கை இறுகப் பொத்தி, வாயை மூடி, மூச்சிழுத்துப் பார்ப்பது மேல். நனவில் காற்று உள்ளே போகவே போகாது. கனவில் பொத்துவது கனவு மூக்கைத்தானே. படுக்கையில் இருக்கும் மூக்கு திறந்தே இருப்பதால் மூச்சு வந்துவிடும். அப்படி வராவிட்டாலும் நனவென்று உறுதியாகிவிடாது. ஆனால் நனவென்று கொண்டே நடந்துகொள்ள வேண்டும். பறந்து பார்க்கிறேன் என்று மாடியிலிருந்து குதிப்பது எந்நிலையிலும் சோதனை ஆகாது. ஏற்கெனவே சரியாகத் தூக்கம் வராதவர்களும், சுற்றிலும் உள்ளவை மெய்யல்ல என்ற உணர்வால் துன்பப்படுகிறவர்களும் இந்தப் பக்கமே வராதிருத்தல் நலம். தேர்வுக் காலத்தில் யாரும் வேண்டாம்.

இப்போதும் பழகுகிறேன், வாரத்தில் ஓரிரவு. தலைமாட்டில் இருப்பது முள் வைத்த பழைய கடிகாரம். கைப்பேசி அறையின் மறுகோடியில், மேசைமேல். ஒலித்தால் எழுந்து நடந்துபோய்த்தான் எடுக்க வேண்டும். வீட்டிலிருந்து அழைப்பு என்றால் பேசி முடித்து, முகம் கழுவிவிட்டு, நானே ஒருமுறை திரும்ப அழைப்பேன். “இப்பதானே பேசுனோம், மறுபடியும் என்ன?” என்று அம்மா அலுத்துக்கொள்வார்.