கறி வெந்த தண்ணியைக் கொட்டாதீங்க!

போடி நேயர்களே, வீட்டுப் பூனைக்குக் கோழிக்கறி வேகவைச்சுப் போடுறீங்களா? வெந்த தண்ணியை என்ன பண்றீங்க?

பூனையோட கண்ணுக்கும் இதயத்துக்கும் டாரின்ங்கிற சத்து ரொம்ப அவசியம். நம்ம உடம்பு அதைத் தானே தயாரிச்சுக்கும். பூனை உடம்பால போதுமான அளவு முடியாது. ஏலக்காய் குடோன்ல எலி பிடிக்கிற பூனைக்கு அந்த எலியிலேயே டாரின் கிடைச்சிடும். வீட்டுக்குள்ளேயே வளர்ற பூனைக்கு நாம போடுறதுதான் சாப்பாடு.

கறி வேகும்போது டாரின் தண்ணியில கரைஞ்சு இறங்கிடும். அதனால உப்பு, வெங்காயம் போடாம வேகவைச்சு, அந்தத் தண்ணியை ஆறவைச்சுக் கறியோடவே ஊத்துங்க. அப்பவும் வெறும் கறி மட்டும் முழுச் சாப்பாடு ஆகாது. டாரின், கால்சியம் எவ்வளவு சேர்க்கணும்னு கால்நடை மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்க. உங்க பூனை நல்லா இருக்கும்!