அப்பாவுக்கு இளசு, மகனுக்குப் பழசு!
பர்பன் விஸ்கிக்கு எது சரியான வயது?

"சரக்கு பழசாக ஆக ருசிதான்!" — குடிப்பவர், குடிக்காதவர் எல்லாரும் சொல்வது இது. ஆனால் அமெரிக்காவில் விஸ்கி காய்ச்சும் ஒரு குடும்பத்துக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி!

கென்டக்கி மாநிலத்தில் லாரன்ஸ்பர்க் என்று ஒரு சிற்றூர். அங்குள்ள 'வைல்ட் டர்க்கி' ஆலையில் 1954-ம் ஆண்டு வேலைக்குச் சேர்ந்தவர் ஜிம்மி ரசல். பின்னர் தலைமை நிபுணராக உயர்ந்தவர். 60 வருஷத்துக்கு மேல் ருசி பார்த்த நாக்கு!

அவருக்குப் பிடித்தது 8 முதல் 12 வயது வரை உள்ள பர்பன்தான். அதற்கு மேல் போனால் மர வாடை தூக்கிவிடும் என்பது அவர் கட்சி.

மகன் எடி ரசல் 1981-ல் அதே ஆலைக்கு வந்தார். அப்பா சொல்லை அவர் தட்டவில்லை; ஆனால் 2015-ல் 17 வயதுச் சரக்கை புட்டியில் அடைத்து விற்பனைக்கு விட்டுவிட்டார்!

கருக்கிய பீப்பாய்

பெரியவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

பர்பனில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்கவேண்டும். உள்பக்கம் தீயில் கருக்கிய புத்தம் புது ஓக் மரப் பீப்பாயில்தான் ஊறவேண்டும். இது அந்நாட்டுச் சட்டம்.

ஸ்காட்லாந்துக்காரர்கள் பெரும்பாலும் ஏற்கனவே ஒரு முறை பயன்பட்ட பீப்பாயில் ஊற்றுகிறார்கள். இரண்டாம் தடவை கொதிக்கும் டீத்தூள் மாதிரி, சாறு மெதுவாகத்தான் இறங்கும். 18 வருஷம், 25 வருஷம் வைத்தாலும் தாங்கும்.

புதுப் பீப்பாய் அப்படி இல்லை. கென்டக்கி வெயிலில் சரக்கு மரத்துக்குள் புகும். குளிரில் வெளியே வரும். முதலில் வெனிலா மணமும், காய்ச்சிய சர்க்கரை ருசியும் ஏறும். விட்டுவைத்தால் துவர்ப்பும் கசப்பும்!

இதில் ஆவியாகிப் போவது வேறு. 'தேவதைகளின் பங்கு' என்று அதற்குச் செல்லப் பெயர். 20 வருஷம் கழித்துத் திறந்தால், சுமார் 200 லிட்டர் பீப்பாயில் பாதிக்கு மேல் காலியாகியிருப்பது சகஜம். (தேவதைகளுக்கு நல்ல தாகம்!)

எந்த மாடி?

வயது மட்டும் பார்த்தால் போதாது. கிடங்கின் மேல்மாடியில் வெப்பம் அதிகம். அங்கே சீக்கிரம் முற்றும். கீழ்த்தளத்தில் நிதானம். எடியின் 17 வயதுச் சரக்கு தாக்குப் பிடித்ததற்குக் காரணமும் இதுதான். அது பல வருஷம் குளிர்ச்சியான கல் கட்டடத்தில் கிடந்தது.

ஆனால் வாங்குகிறவர்கள் மாடியையா கேட்கிறார்கள்? லேபிளில் உள்ள எண்ணைத்தான் பார்க்கிறார்கள். 'பாப்பி வான் விங்கிள்' 23 வயதுச் சரக்குக்கு ஆலை சொல்லும் விலை சில நூறு டாலர். வெளியே கைமாறும் விலை ஆயிரக்கணக்கான டாலர்!

2013-ல் பிராங்க்பர்ட் ஊர் ஆலையிலிருந்து 20 வயது 'பாப்பி' புட்டிகள் பெட்டி பெட்டியாகத் திருட்டுப் போயின. 2015-ல் 9 பேர் மீது வழக்கு! எந்த வயதுக்கு என்ன விலை என்று திருடர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

விவரம் தெரிந்த சிலர் வேறு வழி வைத்திருக்கிறார்கள். லேபிளை மறைத்து, 6, 12, 20 வயதுச் சரக்குகளை மூன்று கிளாசில் ஊற்றி வாங்கிக் குடித்துப் பார்க்கிறார்கள். பிடித்ததைத் தொட்டுக் காட்டிய பிறகுதான் விலை கேட்பது!