சாரல் காலத்தில் காப்பிக்கொட்டையைக் காத்தல்

ஆனி மாதம் பிறந்து மேல்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே வீசத் தொடங்கியதும் குற்றாலத்தில் அருவி விழுகிறது; தென்காசி, பண்பொழி, வடகரை முதலிய ஊர்களில் சாரல் பொழிகிறது. பயிருக்கும் உடம்புக்கும் இதமான இக்காலம், வீட்டில் சேமித்திருக்கும் காப்பிக்கொட்டைக்கு மாத்திரம் பொல்லாத காலமாகும். தை, மாசி மாதங்களில் புதுக்கொட்டையை மொத்தமாக வாங்கி வருஷச் செலவுக்கென்று வைத்துக்கொள்ளும் குடும்பங்கள், ஆவணியில் பாத்திரத்தைத் திறந்து பூசண வாடையைக் கண்டு வருந்துவதுண்டு. இது பெரும்பாலும் கொட்டையின் குற்றமன்று. வைத்த விதத்தின் குற்றமே.

வறுக்காத பச்சைக்கொட்டை, காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. நன்றாய்க் காய்ந்த கொட்டையில் நூற்றுக்குப் பத்துப் பதினொரு பங்கு நீர் இருக்கும். இது பன்னிரண்டரைப் பங்குக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேற்பட்டுக்கொண்டே போனால் பூசணம் பற்றும். அப்பூசணங்களில் சில, ஓக்ராடாக்ஸின் என்னும் நஞ்சை உண்டாக்குகின்றன. அது சிறுநீரகத்துக்குக் கேடு விளைவிப்பது. வறுப்பதினால் குறையுமேயன்றி அடியோடு அழிவதில்லை. ஆகையால் பூசணத்தைத் துடைத்து வெயிலில் போட்டு வறுத்தால் சரியாய்ப் போகும் என்று எண்ணுவது பிசகு. அத்தகைய கொட்டையை எறிந்துவிடுவதே முறை. நல்ல கொட்டையுடன் கலப்பது அதனினும் பிசகு.

கொட்டையில் ஈரம் ஏறியிருக்கிறதா என்பதை அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. வீட்டுத் தராசே போதும். பல்லால் கடித்தால் பல் பதியாமல் கடினமாயிருக்கும் கொட்டையை, வைக்கும்போதே நிறுத்து, எடையைப் பாத்திரத்தின்மேல் எழுதி ஒட்டிவிட வேண்டும். நூற்றுக்குப் பத்துப் பங்கு நீருள்ள 10 கிலோ கொட்டையில் கெட்டிச் சத்து 9 கிலோ. பின்னொரு நாள் நிறுத்தால் அது 10 கிலோ 285 கிராம் இருக்குமானால், நீர் பன்னிரண்டரைப் பங்கை எட்டிவிட்டது என்று அர்த்தம். எடை கூடியது லாபமென்று மகிழ்பவர் உண்டு, கூடியது தண்ணீரேயாகும். எடை இந்த அளவை நெருங்கும்போதே, சாரல் ஓய்ந்த நேரம் பார்த்துத் துணியில் மெல்லிதாய்ப் பரப்பி இளவெயிலில் உலர்த்தி, நிழலில் ஆறவிட்டு எடுத்துவைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் பாத்திரத்தினுள் வேர்த்து, உலர்த்தியதெல்லாம் வீணாகும்.

சாக்கு, வறண்ட மாதங்களுக்குப் போதுமானது, சாரலுக்கு உதவாது. இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு அல்லது தகர டப்பாவே நல்லது. ஒரே பெரிய பாத்திரத்தில் வைத்துத் தினமும் திறப்பதைவிட, சிறு பாத்திரங்களில் பிரித்து வைத்து ஒவ்வொன்றாய்த் திறப்பது மேல். அவற்றைத் தரையில் வைக்காமல் பலகையின்மீது, சாரல் அடிக்கும் மேற்குச் சுவரைவிட்டு விலக்கி வைப்பது அவசியம். ஈரம் போகாத நெல்லுள்ள குலுக்கையருகே வைப்பது கூடாது. கருவாடு, பெருங்காயம், மண்ணெண்ணெய் ஆகியவற்றின் வாடையையும் கொட்டை பற்றிக்கொள்ளும். உரமோ பூச்சிமருந்தோ இருந்த பாத்திரத்தை, எவ்வளவு கழுவினாலும், இதற்கு உபயோகிக்கலாகாது.

இதே மேல்காற்றில் கொட்டையை வேண்டுமென்றே நனைய வைத்து, 'மான்சூன்டு மலபார்' என்று மங்களூர்ப் பக்கத்தில் தயாரிக்கிறார்களே என்று சிலர் கேட்கலாம். பாய்க்கப்பல் காலத்தில் ஐரோப்பாவுக்குப் பல மாதம் கடலில் சென்ற கொட்டை உப்பி, வெளிறி, தனிச்சுவை பெற்றதைப் பின்பற்றி எழுந்த முறை அது. அங்கே காற்றோட்டமான கிடங்குகளில் கொட்டையைப் பரப்பி, அடிக்கடி கிளறிக் கண்காணித்து, கெட்டதைப் பொறுக்கி நீக்குகிறார்கள். மூடிய பாத்திரத்தில் தானாய் நமத்துப் போவதை அதனோடு ஒப்பிடுவதற்கில்லை.

வறுத்த கொட்டையின் சங்கதி வேறு. ஈரம் புகாமல் வைத்த பச்சைக்கொட்டை ஏறக்குறைய ஒரு வருஷம் தாங்கும். வறுத்தது சில வாரங்களிலேயே மணம் குன்றும். பொடியோ சில நாட்கள்தான். வறுக்கும்போது உண்டாகும் மணப்பொருள்கள் மெல்ல வெளியேறுகின்றன. கொட்டையிலுள்ள எண்ணெய் பிராணவாயு பட்டுச் சிக்கடிக்கிறது. பொடித்தால் காற்றுப்படும் பரப்பு பன்மடங்காகி, இக்கேடு விரைகிறது. எனவே சாரல் காலத்தில் ஒரு வாரத் தேவைக்கு மட்டும் வறுத்து, அன்றன்றைக்கு அரைப்பதே சிக்கனம். வறுத்ததும் சுளகில் பரப்பி விரைவாய் ஆறவிட வேண்டும். புதிதாய் வறுத்த கொட்டையிலிருந்து கரியமிலவாயு வந்துகொண்டிருக்குமாதலால், அரைநாள் மூடியைத் தளர்த்தி வைத்துப் பிறகு இறுக்குவது நலம். கொட்டை நிரம்பும் அளவுள்ள டப்பாவே ஏற்றது. பாதி காலியான டப்பாவில் மீதி இடம் காற்றுக்குத்தான். குளிர்ப்பெட்டியில் வைப்பவர்கள், வெளியே எடுத்துக் குளிர் நீங்கும்வரை திறக்கலாகாது. திறந்தால் கொட்டையின்மேல் நீர் கோக்கும்.

சிக்கரி கலந்து குடிப்பவர்கள் அதைத் தனி டப்பாவில் வைத்திருந்து, வேண்டும்போது மாத்திரம் சேர்க்க வேண்டும். காப்பிப்பொடியைக் காட்டிலும் அது வேகமாய் ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டும். முன்கூட்டியே கலந்து வைத்தால் தன்னோடு காப்பிப்பொடியையும் நமக்கச் செய்துவிடும்.