பச்சையப்பர் உயிலும் பெற்றோரில்லாப் பிள்ளைகளும்

காஞ்சிபுரத்தில் பச்சையப்பன் பெயரில் பள்ளி இருக்கிறது, ஆண்கள் கல்லூரியும் இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய துபாஷி பச்சையப்ப முதலியார் 1794 மார்ச்சில் உயில் எழுதினார். அதே மாதம் நாற்பது வயதில் காலமானார். கோயில் கட்டளைகளுக்கும் தருமங்களுக்கும் அவர் ஒதுக்கிய பணம் உடனே போய்ச் சேரவில்லை. தகராறும் வழக்குமாக ஆண்டுகள் ஓடின. சென்னை அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் போன்றோர் விடாமல் முயன்ற பிறகே, தருமம் போக மிஞ்சிய தொகை கல்விக்குத் திரும்பியது. 1842-இல் சென்னையில் பள்ளி திறந்தபோது, உயில் எழுதி 48 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்தத் தாமதத்தையும் மீறி நடந்த நன்மைக்கு ஒரு சாட்சி போதும். காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, சிற்றன்னை ராஜாமணி அம்மாளின் அரவணைப்பில் வளர்ந்த அண்ணா, உள்ளூர்ப் பச்சையப்பன் பள்ளியிலும் பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் படித்தவர்.

இன்றும் வாரிசு இல்லாத முதியவர்களும், பிள்ளைகள் வசதியாக இருப்பவர்களும், தாங்கள் சேர்த்ததில் ஒரு பகுதி ஆதரவற்ற குழந்தைகளுக்குப் போகட்டும் என்று நினைக்கிறார்கள். நல்ல நினைப்புதான். ஆனால் பணம் குழந்தையிடம் போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி.

குழந்தைகள் பாதுகாப்பாக இருக்கிறார்களா என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தது; இந்த வட்டாரத்துக்கு அது புதிதல்ல. காஞ்சிபுரம் உள்ளிட்ட இடங்களின் பட்டுத் தொழிலில், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகச் சிறுவர்கள் கொத்தடிமைகளாக இருந்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் அறிக்கையாக வெளியிட்டது. அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த மாமல்லபுரத்தின் குழந்தைகள் இல்லங்களில் பிள்ளைகள் சீரழிக்கப்படுவதாக 2007-இல் செய்தி வந்தது. அதை உச்ச நீதிமன்றம் வழக்காக எடுத்துக்கொண்டது. 2017 மே 5 அன்று வந்த தீர்ப்பு, நாட்டிலுள்ள எல்லாக் குழந்தைகள் இல்லங்களையும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்து முடிக்கச் சொன்னது.

ஆகவே உயில் எழுதுபவர் முதலில் பார்க்க வேண்டியது இல்லத்தின் பதிவுச் சான்றிதழைத்தான். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் 41-ஆம் பிரிவின்கீழ்ப் பதிவு கட்டாயம். பதிவில்லாமல் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். வருமான வரிச் சலுகைச் சான்றிதழ் இதற்கு மாற்று ஆகாது. அது வரிக்கானது, குழந்தைகளின் பாதுகாப்புக்கானது அல்ல. பதிவு உண்டா என்பதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்கலாம். வாசலில் தொங்கும் பெயர்ப் பலகையையும் சுவரில் மாட்டிய புகைப்படங்களையும் நம்பிச் சொத்தை எழுதுவது ஆபத்து.

அடுத்தது, எந்தப் பத்திரம் என்பது. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவும் கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுவது நல்லது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது என்றால், முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். இரண்டு சாட்சிகள் அவசியம். சொத்து பெறுபவர்களோ இல்ல நிர்வாகிகளோ சாட்சியாக நிற்காமல் இருப்பது பின்னாளில் வழக்கைத் தவிர்க்கும். உயிரோடு இருக்கும்வரை உயிலை எத்தனை முறையும் மாற்றலாம். தான செட்டில்மென்ட் அப்படியல்ல. எழுதிக் கொடுத்துவிட்டால் நினைத்தபோது திரும்பப் பெற முடியாது. "கடைசிவரை பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி வீட்டை எழுதி வாங்குபவர்களிடம் முதியவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பராமரிப்பைப் பத்திரத்திலேயே நிபந்தனையாக எழுதியிருந்தால், முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி ரத்துக் கோரலாம். வாய்மொழி உறுதியை நம்பி எழுதித் தந்துவிட்டால், மீட்பது பெரும்பாடு.

பூர்வீகச் சொத்தில் தன் பங்குக்கு மேல் எழுத முடியாது. கிறிஸ்தவர்கள் தருமத்துக்கு உயில் எழுத இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு விதித்திருந்த தடை 2003-இல் ஜான் வள்ளமட்டம் வழக்கில் நீங்கிவிட்டது.

பலரும் விட்டுவிடுவது, உயிலை நிறைவேற்றும் ஆளை நியமிப்பது. அந்த இல்லத்தைச் சேராத, வயதில் இளைய, நாணயமான ஒருவரை எழுத வேண்டும். அவருக்கு மாற்றாகவும் ஒருவர் வேண்டும். இல்லம் மூடப்பட்டாலோ பதிவை இழந்தாலோ பணம் எங்கே போக வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதிவிடலாம். குறிப்பிட்ட இல்லத்தில் நம்பிக்கை இல்லாதவர்கள், அரசின் சிறார் நீதி நிதியத்துக்குக் கொடுப்பது பற்றி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம்.

பொது அறக்கட்டளைக்குப் போன பணம் தவறாகச் செலவானால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி அட்வகேட் ஜெனரலோ, அதில் அக்கறையுள்ள இருவரோ நீதிமன்ற அனுமதி பெற்று வழக்குத் தொடுக்கலாம். இல்லத்தில் குழந்தைக்குத் தீங்கு நேர்வது தெரிந்தால் 1098-ஐ அழைக்கலாம். குழந்தைகள் நலக் குழுவிடமும் முறையிடலாம். கொடை கொடுத்தவர் மட்டுமல்ல, பக்கத்துத் தெருக்காரரும் அழைக்கலாம். அழையுங்கள்.