புழுவை வரையச் சொல்லிக்கொடுத்த வீடு

17ஆம் நூற்றாண்டு நியூரம்பர்க் நகரில் ஓவியர்களுக்கான விதிகள் கறாரானவை. துணியில் எண்ணெய் வண்ணம் தீட்டும் உரிமை ஆண்களுக்கு மட்டுமே. பெண்களுக்கு மிஞ்சியவை நீர்வண்ணமும், பதனிட்ட கன்றுத்தோலும், பூ வேலைப்பாடும்தான். 1670இல் கணவரோடு அந்த நகரத்துக்குக் குடிவந்த மரியா சிபில்லா மெரியன், மிஞ்சியவற்றையே வைத்து ஒரு வகுப்பைத் தொடங்கினார்.

அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. கையில் இரண்டு வயதுக் குழந்தை. வசதியான வீட்டுப் பெண்கள் பூ வரையவும் தையலுக்கு மாதிரி எடுக்கவும் அவரிடம் வந்தார்கள். பதிப்பாளர் பவுல் ஃபுர்ஸ்டின் மகள் மக்தலேனா அவர்களில் ஒருவர். பெரிய குடும்பத்துப் பெண்ணான கிளாரா ரெகினா இம்ஹோஃப் இன்னொருவர். மெரியன் பாடம் நடத்தியதோடு வண்ணங்களும் விற்றார். மாதிரிக்காகவே ஒரு பூப் புத்தகமும் போட்டார். 1675 முதல் 1680 வரை மூன்று பாகங்கள். பாகத்துக்குப் பன்னிரண்டு படங்கள். பார்த்து வரைந்து, பிரதியெடுத்து, துணியில் பதித்துத் தைக்க வேண்டிய புத்தகம் அது. இன்று அதன் பிரதிகள் மிகச் சிலவே எஞ்சியிருக்கின்றன.

மெரியன் கற்றதும் இப்படித்தான். அப்பா மத்தேயுஸ் மெரியன் பேர்பெற்ற செதுக்கோவியர். மகளுக்கு மூன்று வயதாகும்போது இறந்துவிட்டார். தாயின் இரண்டாம் கணவர் யாகோப் மாரல்தான் தூரிகையைக் கையில் கொடுத்தார். மாரலுக்குக் குரு கேயோர்க் ஃபிளேகல். பூ, பழம், அவற்றின்மேல் ஊரும் சிறு பூச்சி ஆகியவற்றை அச்சு அசலாக வரைந்தவர். அந்த வரிசையில் பூச்சி என்பது படத்துக்கு அழகு சேர்க்கும் அலங்காரம். மெரியன் மாற்றியது இந்த இடத்தைத்தான்.

பதின்மூன்று வயதில், பிராங்க்ஃபர்ட்டில், அவர் பட்டுப்புழு வளர்த்தார். பிறகு கிடைத்த புழுவையெல்லாம் பிடித்துவந்து பெட்டியில் வைத்தார். புழுவுக்கு அதற்குரிய இலை வேண்டும். வேறு இலை போட்டால் பட்டினியில் செத்துப்போகும். அதனால் எந்தப் புழு எந்தச் செடியைத் தின்னும் என்பது அவருக்குப் படத்தின் பகுதியாகவே ஆகிவிட்டது. 1679இல் வந்த புழுப் புத்தகத்தில் ஐம்பது படங்கள். முதல் படமே முசுக்கொட்டைக் கிளையும் பட்டுப்பூச்சியும். முட்டை, சின்னப் புழு, பெரிய புழு, கூடு, கூட்டுக்குள் இருக்கும் உருவம், வெளியே வந்த பூச்சி எல்லாம் ஒரே தாளில், ஒரே செடியோடு. பல வாரங்களில் நடப்பது ஒரு பார்வையில் தெரிகிறது.

ஹாலந்துக்காரர் ஜான் கூடார்ட் இதற்கு முன்பே புழுவிலிருந்து பூச்சிவரை வரைந்து வெளியிட்டிருந்தார். ஆனால் அவருடைய உயிர்கள் வெற்றுத் தாளில் தனியாக நின்றன. செடியைச் சேர்த்த பிறகுதான் அந்த உயிர் எதைத் தின்று எங்கே வாழ்கிறது என்பதும் படத்தில் ஏறியது. உயிரியல் பிற்பாடு பெரிய துறையாக வளர்த்தெடுத்த கேள்வி இது. அது ஒரு வீட்டில், தையல் மாதிரி சொல்லிக்கொடுத்த கையிலிருந்து வந்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

1682இல் மெரியன் பிராங்க்ஃபர்ட்டுக்குத் திரும்பினார். கிளாராவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. வகுப்பு முடிந்த பிறகும் மாணவியை அவர் கைவிடவில்லை.

அவருடைய நெருங்கிய மாணவிகள் இரண்டு மகள்கள்தான். மூத்தவர் யோஹானா ஹெலேனா, இளையவர் டொரோதேயா மரியா. 1699இல், அப்போது ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த 52 வயது மெரியன், இளைய மகளோடு கப்பலேறித் தென்னமெரிக்காவின் சூரினாமுக்குப் போனார். ஆதரவளிக்க அரசரோ ஆய்வுக் கழகமோ இல்லை. தன் ஓவியங்களை விற்ற காசில் பயணம். உடல்நிலை கெட்டு 1701இல் திரும்பினார்கள். 1705இல் வந்த சூரினாம் புத்தகத்தில் அறுபது படங்கள். முதல் படத்தில் அன்னாசிப்பழம், அதைச் சுற்றிக் கரப்பான்பூச்சிகள். இன்னொன்றில் கொய்யாக் கிளையில் ஒரு பெரிய சிலந்தி, தேன்சிட்டு போன்ற சிறு பறவையைப் பிடித்துத் தின்கிறது. அந்தச் சிலந்தியைப் பின்னாளில் பலர் நம்ப மறுத்தார்கள். அமேசான் காட்டில் பல ஆண்டுகள் சுற்றிய ஹென்றி வால்டர் பேட்ஸ் பறவையைப் பிடித்த சிலந்தியைத் தானே கண்டு 1863இல் எழுதினார். மெரியன் வரைந்தது கட்டுக்கதை அல்ல.

1717 ஜனவரியில் மெரியன் ஆம்ஸ்டர்டாமில் இறந்தார். அந்த மாதமே ரஷ்யப் பேரரசர் முதலாம் பீட்டருக்காக அவருடைய ஓவியங்கள் விலைக்கு வாங்கப்பட்டன. அதே ஆண்டு டொரோதேயா மரியாவும் கணவர் கேயோர்க் கெசெலும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு அழைக்கப்பட்டார்கள். பிறகு அங்கே அறிவியல் அகாடமி எழுந்தது. அதன் மாணவர்களுக்கு இருவரும் ஓவியம் கற்றுத்தந்தார்கள். பேரரசரின் அருங்காட்சியகத்துப் பொருள்களை டொரோதேயா வரைந்தார். நியூரம்பர்க் விதி தாயை எண்ணெய் வண்ணத்திலிருந்து ஒதுக்கி எந்தக் கைத்திறமையோடு நிறுத்தியதோ, அதைக் கொண்டே மகள் ஒரு பேரரசின் அகாடமியில் ஆசிரியரானார். 

மெரியனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சூரினாம் பயணத்தில் நின்றுவிடுகிறார்கள். துணிச்சலான பயணம்தான், மறுப்பில்லை. ஆனால் வகுப்பை வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த வேலை என்று ஒரு வரியில் கடந்துபோவது நியாயமில்லை. மகள்கள் கைதேர்ந்தது அந்தப் பாடத்தில்தான். தாய், மகள்கள் மூவர் கையும் ஒரே பட்டறையில் பழகியவை. பல தாள்களில் எது யாருடையது என்று பிரிப்பது கடினம். மெரியன் பெயரில் இருந்த சில ஓவியங்களை யோஹானா ஹெலேனாவுக்கு உரியவை என்று ஆய்வாளர்கள் இப்போது பிரித்துச் சொல்லிவருகிறார்கள். அருங்காட்சியகங்களின் பெயர்ச்சீட்டுகளிலும் அந்த மகளின் பெயர் ஏற வேண்டும்.