ஆசிரியையின் சம்பளம் யாருக்கு?

“பிள்ளை படிப்பிக்கிறாவா? அப்படியென்றால் பார்க்கலாம்.” கலியாணம் பேச வரும் தரகர்மார் வாயில் இன்று அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. ஒரு காலத்தில், படிக்க வைத்தால் மாப்பிள்ளை கிடைக்காது என்று பெற்றோர் பயந்தனர். அந்தப் பயத்துக்கு மத்தியில்தான் 1891ஆம் ஆண்டு அறிஞர் சித்திலெப்பை கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையை ஆரம்பித்தார். அவரது சகோதரி முத்து நாச்சியா அதனை நடத்தினார். 1946இல் கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரி உருவானது. இன்று நான் படிப்பிக்கும் உயர்தர வகுப்பில் ஆண்பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம். அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் மாப்பிள்ளை வீட்டார் விரும்புவது அவளது படிப்பையா, சம்பளத்தையா?

சென்ற விடுமுறையில் என்னிடம் ஓதிய மாணவி ஒருவர் வந்திருந்தார். பத்து வருடமாக ஆசிரியை. வங்கி அட்டை கணவரிடம். கணவருக்கும் நல்ல உத்தியோகம். களவெடுத்தவர் போல் தலைகுனிந்து கேட்டார்:

“ஹஸ்ரத், உம்மாவுக்குச் சீனி வருத்தம். மருந்துக்கு என் சம்பளத்தில் அவருக்குத் தெரியாமல் இரண்டாயிரம் ரூபாய் எடுத்தால் குற்றமா?”

சம்பாதித்தது அவர், குற்ற உணர்வும் அவருக்கே!

ஆண்கள் உழைத்தது ஆண்களுக்கு, பெண்கள் உழைத்தது பெண்களுக்கு என்ற கருத்தைச் சூரா நிஸாவின் 32ஆம் வசனம் தருகிறது. மனைவி செல்வந்தராக இருந்தாலும் அவளுக்கு நஃபகா கொடுப்பது கணவன் மீதே கடமை. இது நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் சட்டம். இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களின் மனைவி ஸைனப் (ரழி) அவர்கள், கணவருக்கும் தமது பொறுப்பிலிருந்த அநாதைகளுக்கும் செலவிடுவது ஸதகாவாகுமா என்று கேட்டனுப்பினார்கள். அதற்கு இரு கூலிகள் உண்டு என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். கடமையாக இருந்திருந்தால் அதை ஸதகா என்பார்களா? கணவன் நெருக்கடியில் இருக்கும்போது மனைவி மனமுவந்து உதவுவது அழகானது. மனமுவந்து என்பதே அங்கு முக்கியம். மனைவியின் சம்பளச் சிட்டையைக் காட்டிக் கடனெடுத்து மோட்டார் சைக்கிள் வாங்குவது அதில் சேராது.

கைக்கூலி வாங்குவதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆயினும் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அதைக்கூட மணமகளின் உபயோகத்துக்கென மணமகனிடம் கொடுக்கப்படுவதாகவே வரையறுக்கிறது. மனைவி காழியிடம் வழக்கிட்டு அதைத் திரும்பப் பெறவும் முடியும். அப்படியிருக்க, அவள் வியர்வை சிந்தி உழைத்த பணம் எப்படி அவனுடையதாகும்?

எங்கள் மீதும் குறை உண்டு. கணவனுக்குக் கட்டுப்படுவது பற்றிக் குத்பாக்களில் பத்துத் தடவை பேசுகிறோம். மனைவியின் சொத்துரிமை பற்றி ஒரு தடவை பேசினால் பெரிது.

குற்றமில்லை, தாராளமாகக் கொடுங்கள் என்றேன். “இதை நீங்களே அவரிடம் சொல்வீர்களா?” என்று கேட்டார். அடுத்த ஜும்ஆவின் பின் அவரை அழைத்துச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டார், தலையசைத்தார். அட்டை இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.